முதல் டிக்கெட், முதல் டைம்டேபிள்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1914

கேள்வி | ஜனவரி 1, காலை 8.10

"என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில், பயணிகளுக்கான முதல் விமான நிறுவனம் கேஎல்எம், 1919 என்று போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் யாருமே டிக்கெட் வாங்கிக்கொண்டு விமானத்தில் போகவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 1, இரவு 9.40

இந்தக் கேள்வி இன்றைய தேதியில் வந்திருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். கேஎல்எம் 1919 அக்டோபரில் தொடங்கியது. அன்று வைத்த பெயரிலேயே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்களில் அதுதான் மூத்தது. புத்தகம் எழுதியவர் அதை "முதல்" என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அதற்கு ஐந்தே முக்கால் வருடம் முன்பே, 1914 ஜனவரி 1, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு, அமெரிக்காவின் புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற சிறு ஊரிலிருந்து ஒரு பறக்கும் படகு, அதாவது தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானம், கிளம்பியது. விரிகுடாவைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் டாம்பாவுக்கு 23 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஓட்டியவர் டோனி ஜானஸ், வயது 24. பயணி ஒரே ஒருவர், ஊர் மேயர் ஏப்ரம் ஃபீல். டிக்கெட் 400 டாலர். கரையில் சுமார் 3,000 பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையே 1910 கணக்குப்படி 4,127 தான். இடையில் வளர்ந்திருந்தாலும், ஊரில் பெரும்பகுதி கடற்கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஊரில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். நேரம் கிடைக்கும்போது இன்னும் எழுதுகிறேன்.

ஜனவரி 1, இரவு 11.05

மேலே எழுதியதில் இரண்டு திருத்தம். ஃபீல் அன்றைக்கு மேயர் இல்லை, முன்னாள் மேயர். பல இடங்களில் மேயர் என்றே எழுதுகிறார்கள், நானும் அந்த வழக்கத்தில் எழுதிவிட்டேன்.

இன்னொன்று, 400 டாலர் என்பது டிக்கெட் விலை கிடையாது. முதல் பயணத்துக்கு மட்டும் ஏலம் விட்டார்கள், அதில் ஃபீல் எடுத்த தொகை அது. அந்தப் பணம் துறைமுகத்தில் படகுகளுக்கு வழிகாட்டும் விளக்குகள் வாங்கப் போனது. வழக்கமான கட்டணம் ஒரு வழிக்கு 5 டாலர். அதுவும் லேசான தொகை இல்லை, இன்றைய மதிப்பில் 150 டாலருக்கு மேல் வரும்.

ஜனவரி 3, மாலை 6.20

ஏன் அந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

பினெல்லாஸ் என்ற ஒரு தீபகற்பம். மேற்கே மெக்சிகோ வளைகுடா, கிழக்கே டாம்பா விரிகுடா. அதன் தெற்கு முனையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். எதிர்க்கரையில் டாம்பா: பெரிய ஊர், துறைமுகம், சுருட்டுத் தொழிற்சாலைகள், வங்கிகள், மொத்த வியாபாரக் கடைகள். நேர்கோட்டில் சுமார் 34 கிலோமீட்டர். ஆனால் 1914-ல் பாலம் கிடையாது. நீராவிக் கப்பலில் போனால் 2 மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் விரிகுடாவின் தலைப்பக்கம் வரை ஏறிச் சுற்றி இறங்க வேண்டும். இணைப்பு ரயில் கிடைப்பதைப் பொறுத்து 4 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம் வரை ஆகும். காரில் போனால், அன்றைய மணல் பாதையில், கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும்.

எதிரில் தெரிகிற ஊருக்கு ஒரு நாள் பயணம். ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில், அக்கரைக் கல்யாணத்துக்குப் போக எங்கள் ஊரில் பாலம் இருக்கும் இடம் வரை போய்ச் சுற்றி வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அக்கரையில் அடிக்கும் மேளம் இக்கரையில் நிற்பவன் காதில் விழும்.

இன்னொரு விஷயமும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அதுவரை டாம்பாவைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் கீழ்தான் இருந்தது. சாலைக்கும் பாலத்துக்கும் பணம் வரவில்லை என்ற மனக்குறையில் போராடிப் பிரிந்து, தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்த நாள் 1912 ஜனவரி 1. சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே தேதியில், விரிகுடாவின் மேலே பறக்கிறார்கள். தேதி தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களின் உற்சாகத்தில் இந்தப் பழைய மனத்தாங்கலுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 3, இரவு 10.50

யோசனை யாருடையது என்று எழுத விட்டுப்போயிற்று. பெர்சிவல் ஃபான்ஸ்லர் என்பவர், ஜாக்சன்வில்லில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் விற்றுக்கொண்டிருந்தவர். செயின்ட் லூயிஸ் நகரில் பறக்கும் படகு கட்டிக்கொண்டிருந்த தாமஸ் பெனாய்ஸ்டுக்குக் கடிதம் எழுதினார். முதலில் கேட்டது டாம்பாவிடம். அவர்கள் அக்கறை காட்டவில்லை. பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்தார், ஊர் வியாபாரிகள் சேர்ந்து சரி என்றார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1913 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அன்றோடு பத்து வருடம். கையெழுத்துக்கும் முதல் பயணத்துக்கும் நடுவே இரண்டே வாரம். படகு ரயிலில் வந்து இறங்கியது டிசம்பர் 31 அன்றுதான்.

ஜனவரி 4, காலை 7.30

ஜெர்மனியின் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்கள் இதற்கு முன்பே பயணிகளை ஏற்றின என்று எழுதிய நண்பருக்கு: நீங்கள் சொல்வது சரி, நான் பொதுவாக "முதல்" என்ற தொனியில் எழுதியது தவறு. அந்தக் கப்பல்களை ஓட்டிய டெலாக் நிறுவனம் 1909 நவம்பரில் ஜெர்மனியில் தொடங்கியது. 1914-க்குள் 1,500-க்கும் மேற்பட்ட பறப்புகளில் 34,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றியிருக்கிறது. எண்ணிக்கையில் இந்த ஊர் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அது ஆகாயக் கப்பல், வாயு நிரப்பி மிதப்பது. மேலும் அந்த வருடங்களில் டெலாக் பெரும்பாலும் நடத்தியது உல்லாசச் சுற்று. ஓரிடத்தில் ஏறி, ஊரைப் பார்த்து, அங்கேயே இறங்குவது. இந்த நேரத்துக்கு இங்கே கிளம்பும், இந்த நேரத்துக்கு அங்கே இறங்கும், உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு இத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று அச்சடித்துக் கொடுத்து, இறக்கை வைத்த விமானத்தை ஓட்டியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்-டாம்பா ஏர்போட் லைன். ஆகவே என் வாசகத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: விமானத்தில், குறித்த நேரத்தில், இரண்டு ஊர்களுக்கு நடுவே, கட்டணம் வாங்கிக்கொண்டு நடந்த முதல் பயணிகள் சேவை. நீளமான வாசகம்தான். இதில் ஒரு சொல்லை எடுத்தாலும் பொய்யாகிவிடும்.

ஜனவரி 5, இரவு 9.15

அந்த அட்டவணையைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா கரூரில் அரசுப் போக்குவரத்து டெப்போ ஒன்றில் டைம் கீப்பராக 28 வருடம் இருந்தவர். எங்களோடு ஆறு மாதம் தங்க வந்தபோது அவரைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். கடலோரம், கடலுக்குள் நீளும் நடைமேடைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. உள்ளே அந்தப் பறக்கும் படகின் நகலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பொம்மை இல்லை, 70ஆம் ஆண்டு விழாவுக்காக 1984-ல் நிஜமாகவே பறந்தது. எல்லோரும் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பாவும் பார்த்தார், இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் அந்தக் காலத்து விளம்பர நோட்டீஸ் முன்னால் போய் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதைப் படி கண்ணு" என்றார்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் புறப்பாடு காலை 10.00, டாம்பா சேர்வது 10.30. டாம்பா புறப்பாடு 11.00, திரும்பிச் சேர்வது 11.30. மறுபடி மதியம் 2 மணிக்கு ஒன்று, திரும்ப 3 மணிக்கு ஒன்று. ஒரு பயணிக்குக் கைப்பையோடு சேர்த்து 200 பவுண்டு, அதாவது 90 கிலோ வரை அனுமதி. அதற்கு மேலிருந்தால் 100 பவுண்டுக்கு 5 டாலர் வீதம், குறைந்தபட்சம் 25 சென்ட். பார்சலுக்கும் அதே விகிதம், கொட்டகையிலிருந்து கொட்டகைக்கு மட்டும், கொண்டுவந்து கொடுப்பதும் எடுத்துக்கொண்டு போவதும் உங்கள் பொறுப்பு. ஸ்பெஷலாக வேண்டுமென்றால் குறைந்தது 15 டாலர். டிக்கெட் விமானக் கொட்டகையில் கிடைக்கும், அல்லது சென்ட்ரல் அவென்யூ 271ஆம் எண்ணில் உள்ள செய்தித்தாள் கடையில்.

அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "இது நம்ம டவுன் பஸ் ஷெட்யூல் மாதிரியே இருக்குதே" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்குக் கண்ணில் லேசாக நீர் கோத்திருந்தது. நடை, ரன்னிங் டைம், லக்கேஜ் டிக்கெட், ஸ்பெஷல் டிரிப் எல்லாமே அந்த ஒற்றைத் தாளில் இருந்தன. "பறக்கறது எப்பிடீன்னு அந்த ரைட்டுக கண்டுபுடிச்சாங்க. மணிக்கு மணி ஓட்டோணும்னு இவங்கதான் கண்டுபுடிச்சிருக்காங்க" என்றார்.

இத்தனை வருடமாக நான் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், எனக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கு விமானம் என்றால் சாகசக் காட்சி. திடலில் கூட்டம் சேர்த்து, பறந்து காட்டிவிட்டு மூட்டை கட்டுவார்கள். காற்று நன்றாக இருந்தால் பறப்பார்கள், இல்லையென்றால் நாளைக்கு. அந்தத் தொழிலை ஒரு சின்ன ஊர், பேப்பர் கடையில் டிக்கெட் விற்று, 10 மணி என்றால் 10 மணி என்று மாற்றியது. என்னைப் பொறுத்தவரை அந்த நோட்டீஸ், மேலே தொங்கும் படகைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

ஜனவரி 6, மதியம் 1.10

படகு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பெனாய்ஸ்ட் 14 என்று பெயர். மரத்தால் ஆன படகு உடல், அதன் மேல் இரட்டை அடுக்கு இறக்கை, அகலம் சுமார் 44 அடி. சுமார் 26 அடி நீளம். 75 குதிரைத் திறன் ராபர்ட்ஸ் எஞ்சின், படகின் உள்ளேயே தாழ்வாக வைத்திருப்பார்கள். அங்கிருந்து சங்கிலி மூலம் மேலே பின்பக்கம் இருக்கும் விசிறியைச் சுழற்றும். உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம். ஓட்டுபவரும் பயணியும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். கதவில்லை, கூரையில்லை, முன்னால் கண்ணாடித் தடுப்புகூட இல்லை.

உயரம்? பல நேரம் தண்ணீருக்குச் சில அடி மேலே மட்டும். அருங்காட்சியகத்துக்குப் போகும் முன்பு, மேகத்துக்குப் பக்கத்தில் பறந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தாழப் பறந்ததால் எஞ்சின் நின்றாலும் படகாக இறங்கிவிடலாம். சேவை நடந்த நான்கு மாதத்தில் ஒரு பயணிக்கும் பெரிய காயம் ஏற்படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஜனவரி 6, இரவு 10.00

"இது உடான் திட்டம் (சிறு ஊர் விமானங்களுக்கு நம் அரசு மானியம் தரும் திட்டம்) மாதிரி இருக்கிறதே" என்று சேலத்து நண்பர் எழுதியிருப்பது நல்ல கவனிப்பு. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். ஜனவரி முழுக்க ஒரு நாளைக்கு 50 டாலர், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒரு நாளைக்கு 25 டாலர் என்று ஊர் உத்தரவாதம் கொடுத்தது. பதிலுக்கு வாரத்தில் ஆறு நாள், தினம் இரண்டு முறை போய்வர வேண்டும். விமானம் ஓடுமா, ஆள் ஏறுமா என்று யாருக்குமே தெரியாத காலத்தில், மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது உடனே கணக்குப் போட்டார். ஒரே ஒரு சீட். ஒரு நாளைக்கு நாலு சிங்கிள், அதாவது ஒரு வழி நடை. நாலும் நிரம்பினாலும் கலெக்‌ஷன் 20 டாலர், பார்சல் தனி. "வண்டி ஃபுல்லா ஓடுனாலும் கட்டாது கண்ணு. தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க."

நஷ்டம் வரும் தடத்தில் பஸ் விடச் சொல்லி கிராமத்துக்காரர்கள் டெப்போ வாசலில் வந்து நின்ற நாட்களை அவர் அன்றைக்கு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வண்டி வேண்டும் என்று கேட்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். குறைகிற பணத்தை நாங்கள் போடுகிறோம் என்று ஊரே எழுதிக் கொடுத்ததை அவர் கேட்டது இதுதான் முதல் முறை.

ஜனவரி 8, இரவு 8.45

டாம்பாவைக் குறைவாக எழுதிவிட்டேனோ என்று இரண்டு நாளாக உறுத்தல். முன்பு, "அவர்கள் அக்கறை காட்டவில்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். எட்டு வருடம் நான் சம்பளம் வாங்கியது டாம்பாவில், அதனால் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

1910-ல் டாம்பாவின் ஜனத்தொகை சுமார் 38,000. கப்பல் வந்தது, ரயில் வந்தது, சுருட்டு உலகம் முழுக்கப் போனது. விரிகுடாவின் அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊருக்கு 23 நிமிடத்தில் போய் டாம்பாக்காரருக்கு ஆக வேண்டிய காரியம் அதிகம் இல்லை. வங்கிக்கும் சந்தைக்கும் வர வேண்டியவர்கள் எதிர்க்கரைக்காரர்கள்தான். தேவை இருந்த இடத்தில் சம்மதம் கிடைத்தது, அவ்வளவே. முதல் நாள் ஜானஸ் ஹில்ஸ்பரோ ஆற்றில் இறங்கியபோது டாம்பாவிலும் பெரும் கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 9, காலை 6.50

அலகாபாத்தைக் குறிப்பிட்டவருக்கு நன்றி. 1911 பிப்ரவரி 18, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர், அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து நைனி வரை சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். அது தபால், ஒரு நாள் நிகழ்ச்சி. ஆகவே இதற்குப் போட்டி கிடையாது. ஆனால் நம் நாட்டில் நடந்தது என்பதால் அந்தத் தேதியும் பாடப்புத்தகத்தில் இருக்கலாம்.

ஜனவரி 11, இரவு 9.30

அவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள். எழுத மனம் வராமல் தள்ளிப் போட்டேன்.

ஜானஸ் இதற்கு முன்பே பெயர் வாங்கியவர். 1912 மார்ச் 1 அன்று ஆல்பர்ட் பெர்ரி விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தபோது அந்த விமானத்தை ஓட்டியவர் இவர்தான். முதல் உலகப்போரின்போது ரஷ்ய விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 1916 அக்டோபர் 12, செவஸ்தபோல் அருகே கருங்கடலில் விமானம் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 27.

புளோரிடாவின் அந்த ஊருக்குப் பெயர் வந்ததே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து. 1888-ல் அங்கே ரயில் கொண்டுவந்த பீட்டர் டெமன்ஸ் தன் சொந்த நாட்டு நகரத்தின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் கொண்ட ஊரைப் புகழ்பெற வைத்த பையன், அந்த நாட்டு விமானிகளுக்குக் கற்றுக் கொடுக்கும்போதே போய்விட்டான். இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பெனாய்ஸ்ட் 1917 ஜூனில் ஓஹாயோவின் சாண்டஸ்கியில் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது கம்பத்தில் தலை மோதி இறந்தார். ஜானஸின் சகோதரர் ரோஜர், அதே தடத்தில் இரண்டாவது விமானியாக ஓட்டியவர், 1918-ல் பிரான்சில் விமான விபத்தில் இறந்தார். இரண்டே வருடத்தில் மூன்று பேர். பத்து வருடம் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன செய்திருப்பார்களோ.

சேவை ஏன் நின்றது என்றும் கேட்டிருந்தீர்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்காலத்து ஊர். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வெயிலுக்காக வந்து தங்குகிறவர்கள்தான் வருமானம். மார்ச் முடிந்ததும் உத்தரவாதமும் முடிந்தது, விருந்தாளிகளும் ஊர் திரும்பினார்கள். மே மாத முதல் வாரம் வரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். மொத்தம் 1,205 பேர் பறந்திருந்தார்கள்.

ஜனவரி 12, இரவு 11.20

1924-ல் கேண்டி பாலம் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே சாலைத் தூரம் 43 மைலிலிருந்து 19 மைலாகக் குறைந்தது. நான் தினமும் வேலைக்குப் போனது அதே பாலத்தின் வழியே, இப்போது இருப்பது பிறகு கட்டியது. ஒரு மழை மாலை, நட்ட நடுவில் விபத்து, முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. ஒன்றே முக்கால் மணி நேரம். வலது பக்கக் கண்ணாடியில் டாம்பா வெளிச்சம், எதிரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே நான். 1914-ல் ஃபீல் இதே தண்ணீரின் மேல் 23 நிமிடத்தில் போனார் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது. அடுத்த சனிக்கிழமையே அருங்காட்சியகத்துக்கு முதல் முறையாகப் போனேன். இந்த இழையில் நான் எழுதுவதெல்லாம் அந்த மாலையில் தொடங்கியது.

(திருத்தம்: டாம்பா எனக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும், வலது பக்கம் அல்ல. வீடு திரும்பும் வழி அது. மழையில் திசை குழம்பியதா, நினைவில் குழம்பியதா என்று யோசித்துப் பார்க்கிறேன். அதேபோல 8ஆம் தேதி "எட்டு வருடம் சம்பளம்" என்றேன், முதல் நாள் "ஆறு வருடம் குடியிருந்தேன்" என்றேன். இரண்டும் சரி. முதல் இரண்டு வருடம் டாம்பாவிலேயே இருந்தோம்.)

ஜனவரி 13, மாலை 5.05

ஒரு கிளைக்கதை. அந்த ஊர் விமானத்தை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. கடலோரத்தில், நகரத்தின் நடுவிலேயே, ஆல்பர்ட் விட்டட் என்ற சின்ன விமான நிலையம் இன்றும் இருக்கிறது. உள்ளூர்க் கடற்படை விமானி ஒருவரின் பெயர் அது. 1934 அக்டோபரில் நேஷனல் ஏர்லைன்ஸ் அங்கிருந்துதான் தொடங்கியது. டாம்பா, லேக்லேண்ட், ஆர்லாண்டோ வழியாக டேட்டோனா பீச் வரை. பிற்பாடு பெரிய நிறுவனமாக வளர்ந்து, 1980-ல் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தோடு இணைந்தது. பான் ஆம் தெரிந்தவர்களுக்கு, அதற்குள் கலந்த ஒரு பகுதி இந்தச் சின்ன ஊரில் பிறந்தது என்பது தெரிந்திருக்காது.

ஜனவரி 15, இரவு 10.10

இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், போனில். 1,205 என்ற எண் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "உங்கணக்கு ஒதைக்குது" என்றார்.

அவர் போட்ட கணக்கு: ஜனவரி 1 முதல் மே 5 வரை 125 நாள். அதில் ஞாயிறு 18. மிச்சம் 107. நாளைக்கு நாலு சிங்கிள், ஒரு சீட். 428 பேர்தான் வருகிறார்கள். மீதி 777 பேர் எங்கே உட்கார்ந்தார்கள்?

நான் பத்துத் தடவையாவது இந்த எண்ணை எழுதியிருப்பேன், பெருக்கிப் பார்த்ததே இல்லை. எடுத்து வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன். இரண்டாவதாக இன்னொரு பறக்கும் படகும் சேர்ந்தது. ரோஜர் வந்தபின் விமானிகளும் இரண்டானார்கள். டாம்பா தவிர, தெற்கே பிராடென்டன், சரசோட்டா பக்கமும் பறந்தார்கள். நோட்டீசில் இருந்த அந்த 15 டாலர் ஸ்பெஷல் பயணங்களும் உண்டு. 1,205 என்பது இவை எல்லாம் சேர்ந்த எண்ணாகத்தான் இருக்க முடியும், அட்டவணைப் பயணிகள் மட்டும் அல்ல. 6ஆம் தேதி எழுதிய "நாலும் நிரம்பினாலும் 20 டாலர்" என்பது ஒரு படகு இருந்த ஆரம்ப நாட்களுக்குத்தான் பொருந்தும் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஸ்பேர் வண்டி இருந்துருக்குது" என்றார், திருப்தியாக. அருங்காட்சியகத்தில் நின்றபோதே அவருக்கு அது மனதில் இருந்திருக்கிறது.

ஜனவரி 16, காலை 8.00

நூற்றாண்டு விழா நடந்ததா என்று கேட்ட தோழிக்கு: நடந்தது. 2014 ஜனவரி 1 அன்று அதே நேரம், அதே கரை. பெனாய்ஸ்டின் புதிய நகல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அன்றைக்குப் பறக்கும் நிலைக்கு வரவில்லை. வேறொரு சிறிய கடல் விமானம் விரிகுடாவைக் கடந்து காட்டியது. நாங்கள் அப்போது டாம்பாவில் இருந்தோம், இப்படி ஒரு நிகழ்ச்சி என்பதே தெரியாமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம். பாலத்தில் மாட்டிய மாலை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் காலையைத் தவறவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஜனவரி 18, இரவு 9.00

மகளின் பொது அறிவுப் புத்தகத்தைப் பற்றி முதலில் கேட்ட நண்பர், பதிப்பகத்துக்கு எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறார். 4ஆம் தேதி நான் எழுதிய நீளமான வாசகத்தை அப்படியே அனுப்புங்கள், "விமானத்தில்" என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்.

அப்பா இன்றைக்கும் போனில் பிடித்தார். 10.30-க்கு டாம்பா சேர்ந்து 11-க்குக் கிளம்பும் வரை அந்த விமானி என்ன செய்வார் என்று கேட்டார். 23 நிமிடத்தில் போய்விடுவதால், சேர்வதே 10.23-க்கு அப்பா, கையில் 37 நிமிடம் இருக்கும் என்றேன். சற்று யோசித்தார். "எஞ்சினைப் பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ஆளை ஏத்தறதுக்குச் சரியா இருக்கும். அதுல ஒரு டீயும் குடிச்சிருப்பான்."